சிற்றூரும் பேருலகும்: அயர்லாந்துக் கவிஞர் பேட்ரிக் கவனா

தன் ஊரைப் புகழ்ந்து பாடுதல் கவிஞர்க்கு எளிது. பழித்துப் பாடுதலும் அத்துணை அரிதன்று. தன்னை வளர்த்ததும் தன்னை நெரித்ததும் ஒரே மண்தான் என்று உணர்ந்து, அவ்விரண்டையும் மறைக்காமல் சொல்லி, அதன் பின்னரும் அம்மண்ணை நேசித்தலே அரிது. அவ்வரிய செயலுக்குத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அயர்லாந்துக் கவிஞர் பேட்ரிக் கவனா (1904–1967). டபிள்யூ. பி. யேட்சுக்குப் பின் அந்நாட்டுக் கவிதையின் போக்கை மாற்றியவர்களுள் முதன்மையானவராக இவரைத் திறனாய்வாளர் பலர் கருதுவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்துவிட்ட ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன் இந்நிலையை எய்திய வரலாறு, சிற்றூர்களிலிருந்து எழுத வருவோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் குடும்பமும்

அயர்லாந்தின் வடபகுதியில், மோனகன் மாவட்டத்தில் இன்னிஸ்கீன் என்னும் பங்கு உள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு கோவிலையும் அதைச் சார்ந்த சிற்றூர்களையும் சேர்த்துப் பங்கு என்பர். அப்பங்கைச் சேர்ந்த மக்கர் என்னும் சிற்றூரில் 1904 அக்டோபர் 21ஆம் நாள் கவனா பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கவனா செருப்புத் தைப்பவர். சிறிதளவு நிலமும் உடையவர். தாய் பிரிட்ஜெட் குவின். பத்துப் பிள்ளைகளுள் பேட்ரிக் நான்காமவர்.

குடும்பப் பெயருக்குப் பின்னாலேயே ஒரு கதை இருந்தது. பாட்டனார் கெவனி என்னும் பெயருடைய பள்ளி ஆசிரியர். மணவாழ்வுக்குப் புறம்பாகப் பிறந்த குழந்தையே ஜேம்ஸ். பழிச்சொல் எழவே ஆசிரியர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. குழந்தையின் திருமுழுக்கின்போது கெவனி என்பது கவனா என்று பதிவாயிற்று. கோவிலின் பதிவேடும் ஊராரின் நாவும் சேர்ந்து ஒரு மனிதனின் வாழ்வை எவ்வாறு வகுக்கும் என்பதற்குக் கவிஞர் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியிருக்கவில்லை. அது அவருடைய பெயரிலேயே இருந்தது.

கெட்னமின்ஷா என்னும் இடத்திலிருந்த தொடக்கப் பள்ளியில் 1909இல் சேர்ந்து 1916 வரை பயின்றார். பள்ளிப் பாடநூல்களில் இருந்த செய்யுள்களே அவர் முதலில் அறிந்த கவிதைகள். பின்னர்த் தந்தையிடம் செருப்புத் தைக்கக் கற்றார். அத்தொழிலில் அவர் கை தேறவில்லை. நிலத்தில் உழுதார், உருளைக்கிழங்கு நட்டார், மாடுகளைச் சந்தைக்கு ஓட்டினார், ஊர்க் கால்பந்துக் குழுவில் இலக்குக் காவலராக ஆடினார். புறத்தோற்றத்தில் மற்ற இளைஞரினின்று வேறுபாடு இல்லை. உள்ளத்தில் மட்டும் சொற்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஏரும் எழுத்தும்

அருகிலிருந்த நகரம் டண்டாக். அங்கு ஒரு கடையில் 'ஐரிஷ் ஸ்டேட்ஸ்மேன்' என்னும் இதழ் அவர் கண்ணில் பட்டது. பாடநூல்களுக்கு அப்பால் உயிருள்ள இலக்கியம் ஒன்று நாட்டில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை அவ்விதழே அவருக்கு அறிவித்தது. அதன் ஆசிரியர் ஏ. இ. என்னும் புனைபெயர் கொண்ட கவிஞர் ஜார்ஜ் ரசல். 1928இல் கவனாவின் செய்யுள்கள் செய்தித்தாள்களில் வெளிவரத் தொடங்கின. ரசலுக்கு அனுப்பியவை முதலில் திரும்பி வந்தன. ஆயினும் மேலும் எழுதுமாறு ஊக்கமும் கூட வந்தது. 1929இல் அவ்விதழ் கவனாவின் கவிதையை ஏற்றது. அதே ஆண்டில் தந்தை மறைந்தார். நிலமும் வீடும் பேட்ரிக்கின் தோளில் விழுந்தன.

1931இல் அவர் டப்ளினுக்கு நடந்தே சென்றார். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு. ரசல் அவரை வரவேற்று, தாஸ்தாயெவ்ஸ்கி, விக்டர் ஹ்யூகோ, விட்மன், எமர்சன், பிரௌனிங் ஆகியோரின் நூல்களைக் கொடுத்தனுப்பினார். கற்பிக்க ஆசிரியரும் கடன் தர நூலகமும் இல்லாத ஓர் உழவருக்கு அச்சுமையே பல்கலைக்கழகம் ஆயிற்று.

1936இல் மேக்மில்லன் நிறுவனம் 'உழவனும் பிற கவிதைகளும்' என்னும் பொருள்படும் முதல் தொகுதியை வெளியிட்டது. அதிலுள்ள சில கவிதைகள் மெல்லிய இசையுடையவை. ஆனால் ஏட்டில் கண்ட இயற்கையைப் பாடுபவை. வேறு சிலவற்றில்தான் பிற்காலக் கவனா தலைகாட்டுகிறார். கோடை மாலையில் ஊர் இளைஞர் மிதிவண்டிகளில் நடனத்துக்குப் போகின்றனர், சாலை வெறிச்சோடுகிறது, கவிஞர் மட்டும் தனித்து நிற்கிறார். ஆளில்லாத் தீவில் தனித்து வாழ்ந்த மாலுமியைப் போல அந்தச் சாலைக்கு அவர் அரசர்; ஆனால் குடிகள் இல்லாத அரசர். ஊருக்குள் இருந்துகொண்டே ஊரிலிருந்து விலகிவிட்ட ஒருவரின் நிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லப்பட்டதில்லை எனலாம். ஷான்கோடஃப் என்னும் தம் குன்று நிலத்தைப் பற்றி 1934இல் எழுதிய கவிதையிலும் இதே இரட்டை நிலை உண்டு. வடக்கு நோக்கிய, கதிரொளி படாத கரிய குன்றுகள் அவை. அவற்றைப் பெருமையோடு பேசிக்கொண்டே வரும் கவிஞர், அவ்வழியே செல்லும் மாட்டு வணிகர், இந்நிலத்துக்கு உரியவன் ஏழையாகத்தான் இருக்க வேண்டும் எனப் பேசிக்கொள்வதைக் கேட்டு உள்ளம் குலைகிறார்.

1938இல் 'பச்சை முட்டாள்' என்று பொருள்படும் தன்வரலாறு வெளிவந்தது. அதில் இடம்பெற்ற நகைச்சுவைக் குறிப்பு ஒன்று, டப்ளினின் புகழ்பெற்ற மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் செயின்ட் ஜான் கோகர்ட்டியைச் சினங்கொள்ளச் செய்தது. அவர் வழக்குத் தொடுத்து 100 பவுன் இழப்பீடு பெற்றார்; நூல் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பிற்காலத்தில் கவனாவே அந்நூலை ஒதுக்கினார். நகரத்தார் காண விரும்பும் வேடிக்கைக் குடியானவனாகத் தம்மை அதில் வேடமிட்டுக் காட்டிவிட்டதாக அவர் கருதினார். தம் எழுத்தைப் பற்றி அவர் கொடுத்துக்கொண்ட தீர்ப்புகளுள் இதுவே கடுமையானது.

டப்ளின் வாழ்க்கை

1939இல் அவர் ஊரை விட்டு டப்ளினில் குடியேறினார். அங்குப் பள்ளி ஆசிரியராக இருந்த தம்பி பீட்டரே அவருக்குத் துணை. பன்னிரண்டு ஆண்டு இளையவரான பீட்டர், அண்ணனின் கவிதையில் கொண்ட நம்பிக்கையை இறுதிவரை கைவிடவில்லை.

டப்ளின் அவருக்கு வாழ்வளிக்கவில்லை. யேட்சின் தலைமுறை உருவாக்கிய மறுமலர்ச்சி இலக்கியம் அங்கு ஓங்கியிருந்தது. உழவரை நாட்டின் தூய உயிராக அது போற்றிற்று. மெய்யான உழவர் ஒருவர் மண் படிந்த காலணியோடு அறைக்குள் வந்து நின்றபோது, அவர் காட்சிப் பொருளானார். கவனாவுக்கு நயமாகப் பேசத் தெரியாது. கடுஞ்சொல்லராகவும் கடன்காரராகவும் நகரம் அவரை அறிந்தது. நாளிதழில் பத்தி எழுதினார். 1946 முதல் 1949 வரை 'தி ஸ்டாண்டர்டு' என்னும் கத்தோலிக்க வார இதழில் பணியாற்றித் திரைப்படத் திறனாய்வு எழுதினார். டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மெக்குவைட் அவருக்குப் பொருளுதவி செய்துவந்தார். நிலையான வருவாய் மட்டும் அமையவேயில்லை.

எனினும் ஒன்று கிடைத்தது. அது தொலைவு. இன்னிஸ்கீனில் இருந்தவரை எழுத இயலாத இன்னிஸ்கீனை டப்ளினில் இருந்து எழுத இயன்றது.

பெரும்பசி

'பெரும்பசி' என்று தமிழில் சொல்லத்தக்க நெடுங்கவிதை 1942இல் வெளிவந்தது. யேட்ஸ் குடும்பத்தார் நடத்திய கூலா அச்சகம் அதனை 250 படிகள் அச்சிட்டது. அதற்கு முன்னரே ஒரு பகுதி இலண்டனின் 'ஹொரைசன்' இதழில் வெளியாகி, ஒழுக்கக்கேடு உடையது என்னும் குற்றச்சாட்டுக்கு உள்ளாகி, காவல் துறையினர் கவிஞரிடம் விசாரிக்க வந்தனர்.

இந்தத் தலைப்பு அயர்லாந்து மக்களுக்கு ஒரு பழைய புண். 1845இல் தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று விளைந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அத்துணைப் பேர் நாட்டை விட்டு வெளியேறினர். அப்பஞ்சம் விட்டுச்சென்ற அச்சம் தலைமுறைகளாக நீடித்தது. நிலத்தைத் துண்டாக்கக் கூடாது. ஒரு மகனுக்கே அது போக வேண்டும். தாய் தந்தையர் விட்டுக்கொடுக்கும்வரை அவன் காத்திருக்க வேண்டும். ஆகவே திருமணங்கள் தள்ளிப்போயின, பல நடைபெறவேயில்லை. வயிற்றுப் பசியின் நினைவு வேறொரு பசியைப் பெற்றது. அந்த இரண்டாம் பசியையே கவனா பாடினார்.

பதினான்கு பகுதிகளாலான இக்கவிதையின் தலைவன் பேட்ரிக் மாகுவைர். தாய்க்கும் வயலுக்கும் உண்மையாக உழைக்கும் குடியானவன். பயிர் முடியட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறான். தாய் தொண்ணூற்றொரு வயதில் இறக்கும்போது மகனுக்கு வயது அறுபத்தைந்து. மணமாகாத தங்கையும் அதே வீட்டில் வாடுகிறாள். மாகுவைர் தவறாமல் திருப்பலிக்குச் செல்கிறான். ஒழுக்க விதிகளுக்கு அஞ்சுகிறான். அஞ்சி அஞ்சியே வாழ்வைக் கழிக்கிறான். அவனுக்குப் பெருந்துன்பம் எதுவும் நேர்வதில்லை. எதுவும் நேராததே அவனுடைய துன்பம்.

கவிதையின் பிற்பகுதியில் ஒரு கூர்மையான எள்ளல் உண்டு. நகரத்தார் வண்டியில் வந்து வேலிக்கு அப்பால் நின்று, உழவன் கவலையற்றவன், இயற்கையின் மடியில் வாழ்பவன், தெய்வத்துக்கு அருகில் இருப்பவன் என்று வியந்து செல்கின்றனர். அந்த வியப்பின் பொய்ம்மையை உழவர் குடியில் பிறந்தவரே உடைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. நாட்டின் அரசியலும் இலக்கியமும் சேர்ந்து கட்டியிருந்த இனிய சிற்றூர்ச் சித்திரம் இக்கவிதைக்குப் பின் பழையபடி நிற்க இயலவில்லை.

பிற்காலத்தில் கவனா இக்கவிதையின்மீதும் மனக்குறை கொண்டார். அதில் சினம் மிகுதி, சிரிப்பு இல்லை என்பது அவர் குறை. துன்பியல் என்பது முழுமை பெறாத இன்பியலே என்னும் கொள்கைக்கு அவர் வந்து சேர்ந்திருந்தார். வாசகர் பலர் இத்தீர்ப்பை ஏற்பதில்லை. அவருடைய ஆக்கங்களுள் பெரிதும் ஆராயப்படுவது இன்றும் இந்நெடுங்கவிதையே.

தாயும் தந்தையும்

'பெரும்பசி' காட்டும் தாயை மட்டும் கண்டு, கவனா தம் தாயை வெறுத்தார் என்று முடிவு செய்வது பிழையாகும். 1945 நவம்பரில் அவர் தாய் மறைந்தார். அவர் நினைவாக எழுதிய கவிதையில் கல்லறை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஞாயிறு காலையில் கோவிலுக்கு நடப்பவராக, மாடுகளைப் பார்த்துக்கொள்ளும்படி மகனுக்கு நினைவூட்டுபவராக, சந்தை நாளில் கொள்வனவு முடித்துக் கடைத்தெருவில் உலவுபவராகவே தாய் அங்குத் தோன்றுகிறார். துக்கத்தைப் பெருக்கிக் காட்டும் சொல் ஒன்றும் இல்லை. கண்ணில் நிற்பவை அவர் செய்த சிறு சிறு வேலைகளே.

தந்தையைப் பற்றிய கவிதையும் இத்தகையதே. டப்ளின் தெருவிலும் இலண்டன் நகரிலும் எதிர்ப்படும் முதியவர் ஒவ்வொருவரும் தந்தையின் சாயலில் தோன்றுகின்றனர். தந்தையைக் கவிஞர் வருணிக்கவில்லை. முன்பின் அறியாத முதியவர்களிடம் அவரைக் காண்கிறார். குடும்பப் பாசம் குடும்பத்தின் எல்லையைத் தாண்டும் இடம் இது.

குழந்தைப் பருவத்துக் கிறித்துமசைப் பாடும் கவிதையில் இருவரும் ஒருங்கே வருகின்றனர். வீட்டு வாயிலில் தந்தை மெலோடியன் என்னும் இசைப்பெட்டியை வாசிக்கிறார். தொழுவத்தில் தாய் பால் கறக்கிறார். தாயின் தொழுவ விளக்கு பெத்லகேமின் விண்மீன் ஆகிறது. தொடுவானத்தில் தெரியும் மூன்று முட்புதர்கள் மூன்று ஞானியர் ஆகின்றன. ஆறு வயதுச் சிறுவனின் கண்ணுக்கு மறைநூலும் மாட்டுத்தொழுவமும் ஒன்றே. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று கற்ற தமிழ் வாசகர்க்கு, தெய்வத்தையும் உறவையும் நிலத்தின் வழியே பேசும் இம்முறை அயலானதாகத் தோன்றாது.

தாயைப் பற்றிய முழுமையான சித்திரம் 1948இல் வெளிவந்த 'டாரி ஃப்ளின்' என்னும் நாவலில் உள்ளது. 1930களின் சிற்றூரில் கவிதைக் கிறுக்குக் கொண்ட இளம் உழவன், மகள்களின் திருமணம் பற்றிய கவலையும் மகனைப் பற்றிய ஏக்கமும் கொண்ட தாய், வேலித் தகராறு செய்யும் அண்டை வீட்டார், அனைவரையும் மேடையிலிருந்து கண்டிக்கும் பங்குத் தந்தை என்று ஊர் முழுவதும் அதில் நடமாடுகிறது. 'பெரும்பசி'யின் அதே ஊர்தான். ஆனால் இங்குச் சிரிப்பு நுழைந்துவிட்டது. தாய் மகனைக் கட்டிவைப்பவளாக மட்டும் இல்லாமல், பிள்ளைகள் உண்ண வேண்டும், நிலைக்க வேண்டும் என்று கணக்கிடும் மனுஷியாகவும் தெரிகிறாள். இறுதியில் மகன் ஊரைவிட்டுப் போகிறான். அப்பிரிவு எத்துணைத் தேவையானதோ அத்துணைக் கொடியது என்பதை நாவல் மறைக்கவில்லை. தணிக்கை வாரியம் இந்நூலைத் தடைசெய்தது. சிறிது காலத்தில் தடை நீங்கியது.

நம்பிக்கையும் கோவிலும்

கவனா இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். கோவில் ஊராரின் உடலைப் பற்றிய அச்சமாக மாறியதை அவரைப் போல் கண்டித்தவர் சிலரே. ஆயினும் அவர் கண்டித்தது அச்சத்தையே, நம்பிக்கையை அன்று.

டோனிகால் மாவட்டத்தில் டெர்க் ஏரியின் நடுவே ஒரு தீவு உண்டு. மூன்று நாள் நோன்பிருந்து, வெறுங்காலுடன் கற்களின்மீது நடந்து, ஓரிரவு கண்விழித்து அங்கு வேண்டுவர். இத்திருப்பயணத்தைப் பற்றி 1942இல் ஒரு நெடுங்கவிதை எழுதினார். பயணிகளின் வேண்டுதல்கள் அதில் வரிசையாக வருகின்றன. அவை வீட்டுக் கவலை, வரன், பிழைப்பு என்னும் சிறிய தேவைகள். தெய்வத்தோடு நடத்தும் பேரம் போன்ற இவற்றைக் கவிஞர் முதலில் எள்ளுகிறார். பின்னர் எள்ள இயலாமல் நிற்கிறார். இச்சிறுமைக்குள்தான் இம்மக்களின் மெய்யான பணிவு இருக்கிறது என்பதைக் காண்கிறார். அவர் மறைந்த பின்னரே இக்கவிதை அச்சேறியது.

திருவருகைக் காலத்தைப் பாடும் மற்றொரு கவிதையும் இங்கு நினைக்கத்தக்கது. கிறித்துமசுக்கு முன் நோன்பிருக்கும் அக்காலத்தில், மிகுதியாகச் சுவைத்ததாலும் மிகுதியாக அறிந்ததாலும் மழுங்கிப்போன வியப்புணர்ச்சியை நோன்பின் எளிய உணவு மீட்டுத்தரும் என்பது அதன் கருத்து. தெய்வம் அற்புதங்களில் அன்று, அன்றாட வாழ்வின் துணுக்குகளில் வெளிப்படுகிறது என்பதே கவனாவின் சமயம். பழகிப்போனதைப் புதிதாகக் காணுதலே அவருக்கு வழிபாடு.

பங்கு மனமும் மாகாண மனமும்

1952 ஏப்ரல் 12ஆம் நாள் 'கவனாஸ் வீக்லி' என்னும் வார இதழை அண்ணனும் தம்பியும் தொடங்கினர். முதல், தம்பியின் சேமிப்பு. பெரும்பகுதியை இருவரே எழுதினர். அரசியல், இலக்கியம், சமயம் என எதையும் விட்டுவைக்காத கடுமையான இதழ் அது. விளம்பரம் இல்லை, வாங்குவோரும் போதவில்லை. 13 இதழ்களோடு ஜூலை 5ஆம் நாள் அது நின்றது.

அச்சிறுவாழ்வில் அவ்விதழ் ஒரு நிலைத்த கருத்தைத் தந்தது. மாகாண மனம் வேறு, பங்கு மனம் வேறு என்பது கவனாவின் பகுப்பு. மாகாண மனத்தினருக்குத் தம் கண்ணில் நம்பிக்கை இல்லை. தலைநகரம் ஒன்றைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்ட பின்னரே தம் கருத்தை முடிவு செய்வர். பங்கு மனத்தினரோ தம் ஊரின் வாழ்வு கலைக்குத் தகுதியானதா என்று ஐயுறுவதே இல்லை. கிரேக்கம் போன்ற பெருநாகரிகங்கள் யாவும் இத்தகைய தன்னூர் நம்பிக்கையில் எழுந்தவையே என்று அவர் வாதிட்டார். தன்னூர் நம்பிக்கைக்குத் துணிவும் வேண்டும், அடக்கமும் வேண்டும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். ஊர்ப் பெருமை பேசுதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இக்கொள்கைக்கு முந்தைய ஆண்டிலேயே கவிதையில் வடிவம் கொடுத்திருந்தார். 1951இல் 'தி பெல்' இதழில் வெளிவந்த பதினான்கு அடிக் கவிதை அது. ஐரோப்பாவின் தலைவிதியைத் தீர்மானித்த மியூனிக் உடன்பாட்டின் ஆண்டு 1938. அதே ஆண்டில் அவர் ஊரில் இரு குடும்பத்தார் கற்கள் நிறைந்த ஒரு துண்டு நிலத்தின் எல்லைக்காகக் கைகலக்கின்றனர். எது பெரிய செய்தி? கவிஞர் தம் ஊரின்மீது நம்பிக்கை இழக்கும் வேளையில் ஹோமரின் ஆவி வருகிறது. தன் பெருங்காப்பியமும் இத்தகைய ஓர் உள்ளூர்ச் சண்டையில் விளைந்ததே என்று அது உணர்த்துகிறது. தலைப்போ 'காப்பியம்'. உலகக் கவிதையில் சிற்றூரின் வழக்கை எடுத்துரைக்க இவ்வளவு சுருக்கமான வாதம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

வழக்கும் நோயும்

1952 அக்டோபரில் 'தி லீடர்' என்னும் இதழ் கவனாவைப் பற்றிப் பெயரிடப்படாத ஒருவர் எழுதிய கட்டுரையை வெளியிட்டது. குடியும் கூச்சலுமாக அவரைச் சித்திரித்த கட்டுரை அது. அவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1954 பிப்ரவரியில் டப்ளின் உயர்நீதிமன்றத்தில் விசாரணை நடைபெற்றது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அயர்லாந்தின் பிரதமராக இருந்தவரும் சில மாதங்களில் மீண்டும் பிரதமரானவருமான ஜான் ஏ. காஸ்டெல்லோ. கூண்டில் நின்ற கவிஞரை அவர் நீண்ட நேரம் குறுக்குவிசாரணை செய்தார். கவிஞரின் வாழ்க்கையும் நட்பும் எழுத்தும் நகரத்தின் வேடிக்கையாயின. நடுவர் குழு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு ஆணை பிறந்து, பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அதற்குள் உடல் நலிந்துவிட்டது. 1955 மார்ச்சில் நுரையீரலில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. டப்ளினில் ரியால்டோ மருத்துவமனையில் அறுவை செய்து ஒரு நுரையீரலை நீக்கினர். பிழைப்பார் என்று பலர் எண்ணவில்லை. அவர் பிழைத்தார். வழக்கில் அவரை வீழ்த்திய காஸ்டெல்லோவே, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் சொற்பொழிவாற்றி ஊதியம் பெற வழிசெய்தார் என்பது இவ்வரலாற்றின் எதிர்பாராத திருப்பம்.

கால்வாய்க் கரையில்

1955ஆம் ஆண்டின் கோடையில், நோயினின்று மீண்ட கவனா டப்ளினின் பெருங்கால்வாய்க் கரையில் நாள்களைக் கழித்தார். நீர், புல், கரையோர மரங்கள், மதகில் கொட்டும் நீரின் ஓசை, மெல்ல வரும் படகு ஆகியவையே அவர் கண்டவை. தாம் கவிஞராகப் பிறந்தது அக்கரையில்தான் என்று பின்னாளில் அவர் கூறிவந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. எழுதத் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

அந்நாள்களின் அனுபவத்தில் விளைந்த பதினான்கு அடிக் கவிதைகளில் சினம் இல்லை. நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. மருத்துவமனையைப் பற்றிய கவிதையில் நோயாளிகள் படுத்திருந்த சதுர அறைகளையும் சரளைக்கல் முற்றத்தையுமே காதலிக்கிறார். அழகற்றவை என்று உலகம் தள்ளும் பொருள்களைப் பெயர் சொல்லி அழைப்பதே அன்பின் செயல் என்பது அதன் உட்பொருள். கால்வாயைப் பற்றிய கவிதையில் ஓடும் நீர் திருமுழுக்கு நீராகிறது. இன்னிஸ்கீனில் தொழுவ விளக்கை விண்மீனாகக் கண்ட சிறுவனின் கண் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் இம்முறை அது சிறுவனின் அறியாமை அன்று. நிலம் பறித்ததையும் நகரம் இழிவுசெய்ததையும் உடல் இழந்ததையும் அறிந்த பின்னர் வந்த கண் அது. அக்கரை ஊரன்று, நகரத்தின் நடுவே உள்ள கால்வாய்க் கரை. தன்னூர் என்பது பிறந்த இடத்தின் பெயர் மட்டும் அன்று, முழுக் கவனத்தோடு நோக்கப்படும் இடம் எதுவும் தன்னூரே என்னும் தெளிவை இக்கவிதைகள் தருகின்றன.

1958இல் தம்பி பீட்டர் நியூயார்க்கில் தம் கை அச்சுப்பொறியில் அண்ணனின் புதிய கவிதைகளை அச்சிட்டார். 1960இல் இலண்டனில் வெளிவந்த தொகுதி பரவலான மதிப்பைப் பெற்றுத் தந்தது. 1964இல் கவிதைத் திரட்டும் 1967இல் உரைநடைத் திரட்டும் வெளிவந்தன. இளங்கவிஞர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினர்.

இறுதி நாள்களும் நினைவும்

1966இல் 'டாரி ஃப்ளின்' நாடகமாகி ஆபி அரங்கின் சார்பில் மேடையேறியது. 1967 ஏப்ரலில் நெடுநாள் தோழியான கேதரின் மோலனியை மணந்தார். மாகுவைரைப் படைத்தவருக்குத் திருமணம் அறுபத்திரண்டாம் வயதில் வாய்த்தது. அவ்வாண்டு நவம்பரில் டண்டாக் நகர மன்றத்தில் அதே நாடகம் நடைபெற்றபோது நோயுற்றார். உழவு நாள்களில் நடந்து வந்து முதன்முதல் இலக்கிய இதழைக் கண்ட நகரமும் அதுவே. சில நாள்களில், நவம்பர் 30 அன்று டப்ளினில் காலமானார். இன்னிஸ்கீன் கோவில் நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கால்வாய்க் கரையில் தமக்குப் பெருங்கல்லறை வேண்டாம், வழிப்போக்கர் அமர ஓர் இருக்கை போதும் என்று அவர் கவிதையில் கேட்டிருந்தார். 1968 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளில் நண்பர்கள் அவ்விருக்கையை அமைத்தனர். 1991இல் எதிர்க்கரையில் சிற்பி ஜான் கோல் வடித்த அவர் சிலையும் ஓர் இருக்கையில் அமர்ந்த கோலத்தில் நிறுவப்பட்டது. முதல் தொகுதி வெளியிடாத கவிஞர்களுக்கென அவர் பெயரில் ஆண்டுதோறும் பரிசு வழங்கும் வழக்கமும் ஏற்பட்டது. 2000இல் 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழ் திரட்டிய விருப்பக் கவிதைகள் ஐம்பதில் பத்து அவருடையவை. யேட்சுக்கு அடுத்த இடம் அவருக்கே கிடைத்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய நினைவுச்சின்னம் அவருக்குப் பின் வந்தோரின் எழுத்தாகும். 1995இல் நோபல் பரிசு பெற்ற ஷேமஸ் ஹீனி (1939–2013), தாமும் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். தம் வயலும் தம் வீட்டாரின் பேச்சும் கவிதைக்குத் தகும் என்னும் உறுதியைக் கவனாவிடமிருந்து பெற்றதாக அவர் கட்டுரைகளில் பதிவு செய்துள்ளார். ஒருவர் பட்ட பாடு மற்றொருவர்க்கு வழியாயிற்று.

தன் ஊரைப் பாடுவதற்குத் தலைநகரின் ஒப்புதல் தேவையில்லை என்பது கவனாவின் வாழ்வு தரும் முதற்பாடம். ஊரைப் பாடுவதாகக் கூறி ஊரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்பது அதனினும் கடினமான இரண்டாம் பாடம். தாயின் அன்பையும் தாயின் பிடியையும், கோவிலின் ஒளியையும் கோவிலின் அச்சத்தையும் ஒரே கையால் எழுதியவர் அவர். அதற்கு அவர் தந்த விலை வறுமை, தனிமை, ஊராரின் பழி, நகரத்தாரின் ஏளனம். ஆயினும் இன்னிஸ்கீன் என்னும் பெயரை அவ்வூருக்கு வெளியே எவரேனும் அறிந்திருந்தால், அவ்வூரை விட்டுப் போன இம்மகனின் கவிதை வழியாகவே பெரும்பாலும் அறிந்திருப்பர்.